மிச்சத்துப் பல்லிகள் சொன்னவை

ஞானேஸ்வரன் பல்லி வளர்த்து விற்றுத்தான் குடும்பம் நடத்துகிறார் என்பதை அவருடைய மனைவி சுசிலா நெடுநாளாக ஒருவருக்கும் வாய் திறந்து சொல்லவில்லை. யாராவது கேட்டால், "இவர் ஒன்லைன் பிஸ்னஸ் செய்யிறார்" என்பார். அது பொய்யும் இல்லை. ஞானேஸ்வரனின் பல்லிகள் எல்லாம் இணையத்தில்தான் விலைபோயின.

இந்தத் தொழில் அவருக்கு வாய்த்த விதமே விசித்திரமானது. லண்டனுக்கு வருமுன் அவர்கள் ஜேர்மனியில் இருந்தார்கள். ஒரு வருடம் ஹம் நகரத்து அம்மன் கோயில் தேருக்குப் போனபோது, சுசிலாவைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டுக் காரை நிறுத்த இடம் தேடிப் போன ஞானேஸ்வரன், பெரியதொரு சனக்கூட்டம் ஒரே திசையில் போவதைக் கண்டார். தேருக்குப் போகிற சனம்தான் என்று அதன் பின்னால் நடந்தார். அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட வேட்டி கட்டியிருக்கவில்லை என்பதைப் பிறகுதான் யோசித்தார். கூட்டம் போய்ச் சேர்ந்த இடம் ஊர்வனச் சந்தை. ஒரு மண்டபம் முழுக்கப் பாம்பும் ஓணானும் ஆமையும் பல்லியும். சுசிலா அர்ச்சனைத் தட்டோடு வெயிலில் காத்து நின்றார். தேர் சுற்றி முடித்து இருப்புக்கு வந்த பிறகு, கையில் துளை போட்ட பெட்டியோடும் முகத்தில் புதுமாப்பிள்ளைக் களையோடும் ஞானேஸ்வரன் வந்து சேர்ந்தார்.

"பிரசாதமோ?" என்று சுசிலா கேட்டார்.

"சிறுத்தைப் பல்லி. ஒரு சோடி" என்றார் அவர்.

அந்தச் சோடியின் பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும்தான் இப்போது தென் லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில், அவர்கள் வீட்டுப் பின் அறையில், அடுக்கடுக்கான இழுப்பறைகளுக்குள் இளஞ்சூட்டில் வாழ்ந்தன. கவுன்சில் அனுமதிப் பத்திரம் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. தோடம்பழச் செம்மஞ்சள், எலுமிச்சை நிறம், சீனிபோல் வெள்ளை என்று ஞானேஸ்வரன் புதுப்புது நிறங்களில் பல்லிகளைப் பிறப்பித்தார். கழுத்துவரை பச்சை குத்திய வெள்ளைக்கார இளைஞர்கள் வாசலில் வந்து மிகப் பணிவாகச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள். அவர் இழுப்பறையைத் திறந்து காட்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார்கள். அந்த மரியாதையை ஞானேஸ்வரன் வேறெந்த வேலையிலும் கண்டதில்லை.

ஒரு கார்த்திகை மாதம், பக்கத்து ஊரான சட்டனில் ஊர்வனக் கடை வைத்திருந்த ஒருவர், தர வேண்டிய சரக்கு கைவசம் இல்லாததால், ஈடாக ஆறு பல்லிகளை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். வீட்டில் வந்து திறந்து பார்த்த ஞானேஸ்வரனுக்கு முகம் சிவந்துபோயிற்று. சாதாரண வீட்டுப் பல்லி. சாம்பல் நிறம். ஊரில் விளக்கைச் சுற்றிப் பூச்சி பிடிக்குமே, அது.

"உதைத் தாறதுக்கு அவன் சும்மா இருந்திருக்கலாம்" என்று மனைவியிடம் குறைப்பட்டார். "ஒரு கலர் இல்லை, ஒரு வடிவில்லை. ஆர் உதை வாங்கப் போயினம்?"

வெளியே விட்டால் குளிரில் செத்துப்போகும். பின் அறையில் இடம் இல்லை. வேறு வழியின்றி ஒரு கண்ணாடிப் பெட்டியில் போட்டு, முன் ஹோலில் ஹீட்டருக்கு மேலே இருந்த தட்டில் வைத்தார்.

அடுத்த வாரம் தவநாயகி அக்கா வந்தார். டூட்டிங்கில் இருப்பவர், சுசிலாவோடு ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். மகள் பிரியந்திக்குச் சட்டனில் இருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. வந்திருந்தது என்று தவநாயகி சொல்லிக்கொண்டாரே தவிர, பிரியந்தியும் அந்தப் பையன் மிதுலனும் யூனிவேர்சிட்டி நாளிலிருந்தே ஒருவரை ஒருவர் தெரிந்தெடுத்து முடித்துவிட்டார்கள். பெரியவர்கள் இப்போதுதான் தேடிக் கண்டுபிடித்ததுபோல் நடந்துகொண்டிருந்தார்கள்.

"பெடியன்ர தகப்பன் நித்தியானந்தன் கொஞ்சம் எடுப்பான ஆள்தான்" என்று தவநாயகி தேநீரை ஆற்றியபடி சொன்னார். "ஆனா எனக்கு உந்தச் சம்பந்தம் சரிவரும் போலத்தான் கிடக்கு."

தட்டின் மேலிருந்து, "ச்சக், ச்சக், ச்சக், ச்சக்" என்று கேட்டது.

தவநாயகியின் கோப்பை அந்தரத்தில் நின்றது. கைவிரல் மட்டும் தானாகப் போய் மேசையில் மூன்று தரம் தட்டியது.

"சுசிலா, உங்கட வீட்டிலை பல்லி இருக்கோ?"

சுசிலாவுக்கு அவமானமாகிவிட்டது. "அது வந்து அக்கா... இவர்ட பிஸ்னஸ்..." என்று இழுத்தார்.

தவநாயகி அதைக் காதில் வாங்கவில்லை. எழுந்து போய்க் கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றார். கண்கள் கலங்கியிருந்தன.

"லண்டனுக்கு வந்து முப்பது வருசம் சுசிலா. வீடு வாங்கினன், வித்தன், திரும்ப வாங்கினன். நான் எடுத்த ஒரு முடிவுக்கும் ஒருத்தரும் சரி எண்டு சொல்லேல்லை. என்ர மனுசன்கூடச் சொல்லேல்லை." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இது சொல்லிப்போட்டுது."

செய்தி டூட்டிங் மரக்கறிக் கடைகள் வழியாகப் பரவியது. வாரம் முடிவதற்குள் ஞானேஸ்வரனின் ஹோலில் உட்கார இடமில்லை. வீடு வாங்குவதா விடுவதா, மகனைக் கணக்கியல் படிக்கவிடுவதா பல் வைத்தியம் படிக்கவிடுவதா, முழங்காலுக்கு ஒப்பரேஷன் செய்வதா என்று ஒவ்வொருவரும் பெட்டிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உரக்கப் பேசினார்கள். பேசிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். சுசிலா தேநீர் ஊற்றிக் களைத்துப்போனார்.

"மூடநம்பிக்கை" என்று ஞானேஸ்வரன் பின் அறையில் இருந்து முறுமுறுத்தார். "இஞ்சை இவ்வளவு நிறத்திலை பிறப்பிச்சு வைச்சிருக்கிறன். ஒருத்தர் எட்டிப் பாக்கேல்லை. உந்த மண் நிறத்துக்கு முன்னாலை வரிசை."

"அப்ப உதைப் பெருக்குங்கோ" என்றார் சுசிலா.

"என்ன?"

"அவையளுக்கு ஆளுக்கொரு பல்லி குடுத்தால் அவையள் தங்கட வீட்டிலை இருந்து கேப்பினம். எனக்கும் தேத்தண்ணி ஊத்துற வேலை மிச்சம்."

சுசிலாவின் மூளை அப்படிப்பட்டது. ஞானேஸ்வரன் இரண்டு நாள் மறுத்தார். மூன்றாம் நாள் பெட்டிக்குள் சின்ன வெள்ளை முட்டைகள் இரண்டைக் கண்டதும் தொழில்காரனின் கை தானாகவே நீண்டு அவற்றை எடுத்துச் சூட்டுப் பெட்டியில் வைத்தது.

அடுத்த கோடை வருவதற்குள் மிச்சம், டூட்டிங், சட்டன் எங்கும் தமிழ் வீடுகளில் சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி ஏறியது. ஞானேஸ்வரனுக்குப் "பல்லி ஞானம்" என்று பெயரும் விழுந்தது. பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கரான இம்மாகுலேற் மட்டும், "எங்களுக்கு உதிலை நம்பிக்கை இல்லை, நாங்கள் வேதக்காரர்" என்று முன்வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு பின்பக்கக் கேற்றால் வந்து, சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, சும்மா வடிவுக்கு வைத்திருக்க ஒன்று வேண்டும் என்றார். "சத்தம் போடுறதாப் பாத்துத் தாங்கோ" என்று போகும்போது சொன்னார்.

விற்றது பல்லி. வந்தது முறைப்பாடு.

ஒருவரின் மகன் படிப்பை விட்டுவிட்டு டீஜே ஆகப்போகிறேன் என்று சொன்ன கணத்தில் பல்லி சொல்லிவிட்டது. பையன் அதையே பிடித்துக்கொண்டான். தகப்பன் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "இது வெள்ளைக்காரப் பல்லி, எங்கட பழக்கவழக்கம் தெரியாது" என்று வாதாடினார். இன்னொரு அம்மாவின் பல்லி மாமியார் பேசும்போது மட்டும் சொல்லியது. மருமகள் மாற்றித் தரச் சொன்னார், மாமியார் அதே இனத்தில் இன்னொன்று கேட்டார். ஒரு பல்லி பெட்டியைக் கழுவும்போது பயத்தில் வாலைக் கழற்றிவிட்டது. "வாலில்லாமல் சொன்னால் பலிக்குமோ?" என்று அதன் சொந்தக்காரர் கேட்டார். ஞானேஸ்வரன் சற்று யோசித்து, "வால் வளரும் மட்டும் பெரிய முடிவு ஒண்டும் எடுக்காதையுங்கோ" என்றார். அப்படிச் சொல்லிவிட்ட பிறகு அவருக்கே தன்மேல் ஒரு சந்தேகம் வந்தது.

ஒருவர் மட்டும் உண்மையாகவே கோபத்தோடு வந்தார். இரை போட மூடியைத் திறந்திருக்கிறார், பல்லி நேராக அவர் தலையில் வந்து இருந்திருக்கிறது.

"தலையிலை பல்லி விழுந்தால் கலகம் எண்டு பஞ்சாங்கத்திலை கிடக்கு. இதுக்கு நீங்கள்தான் பொறுப்பு."

"விழேல்லை அண்ணை" என்றார் ஞானேஸ்வரன் அமைதியாக. "பாய்ஞ்சது. விழுறதுக்குத்தான் பலன். பாயிறதுக்குப் பஞ்சாங்கத்திலை ஒண்டும் இல்லை."

அவர் வீட்டுக்குப் போய்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். பாய்வதற்கு ஒன்றும் இல்லைதான். மாலையில் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் தவநாயகி வீட்டில் கலியாணப் பேச்சு முற்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாளும் மண்டபமும் பேச மாப்பிள்ளை வீட்டார் டூட்டிங்குக்கு வந்தார்கள். தவநாயகியின் பல்லி ஹோலில் தயாராக இருந்தது. நித்தியானந்தன் காரிலிருந்து இறங்கும்போது குளித்துத் துவட்டும் துவாயால் மூடிய பெட்டி ஒன்றை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"எங்கட பல்லியும் கேக்கட்டும்" என்றார். "நாளைக்கு ஒருத்தரும் ஒருதலைப் பட்சம் எண்டு சொல்லக்கூடாது."

இரண்டு பெட்டிகளையும் ஒரே மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார்கள். பேச்சுத் தொடங்கியது. அரை மணித்தியாலத்தில் ஞானேஸ்வரனின் போன் அடித்தது.

"உடனை வாங்கோ ஞானம். ரெண்டும் நிப்பாட்டுதில்லை" என்றார் தவநாயகி. பின்னணியில் யாரோ தந்தி அடிப்பதுபோல் கேட்டது.

சுசிலாவையும் ஏற்றிக்கொண்டு ஞானேஸ்வரன் போய்ச் சேர்ந்தபோது வீடு போர்க்களமாக இருந்தது. மகள் கூரையிலிருந்து பூ ஊஞ்சலில் மெதுவாக மேடைக்கு இறங்க வேண்டும் என்று தவநாயகி சொன்னதற்கு இரண்டு பல்லியும் சொல்லிவிட்டன. மகன் ஹெலிகொப்ரரில் வந்து இறங்க வேண்டும் என்று நித்தியானந்தன் சொன்னதற்கும் சொல்லிவிட்டன. ஆவணியில் வைப்போம் என்றதற்கும், ஆவணி வேண்டாம் என்றதற்கும் சொல்லின. அறுநூறு பேர் என்றார் தவநாயகி, எண்ணூறு என்றார் நித்தியானந்தன், இரண்டுக்கும் சம்மதம். சொல்லச் சொல்ல மேசையில் தட்டித் தட்டி எல்லோருக்கும் விரல் கன்றிப்போயிருந்தது. ஒரு மூலையில் பிரியந்தியும் மிதுலனும் ஒரே சோபாவில், பல்வலிக்காரர்கள் போல முகத்தைத் தாங்கிக்கொண்டு இருந்தார்கள்.

ஞானேஸ்வரன் குனிந்து பெட்டிகளைப் பார்த்தார்.

"இது ரெண்டும் ஆண். ஒண்டை ஒண்டு கண்டிட்டுது. 'என்ர இடத்தை விட்டுப் போடா' எண்டு ஏசுப்படுகுதுகள். வேறை ஒண்டும் இல்லை."

"அப்ப நல்ல காரியத்துக்குச் சொல்லேல்லையோ?" என்று நித்தியானந்தன் கேட்டார்.

"இஞ்சை கலியாணம் பேசுறியள் எண்டே அதுகளுக்குத் தெரியாது."

தவநாயகி அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

"நீங்கள் விக்கிற ஆள் ஞானம்" என்றார். "உங்களுக்கு அது விளங்காது."

ஞானேஸ்வரன் நிமிர்ந்தார். நித்தியானந்தன் கொண்டுவந்த துவாயை மடித்து இரண்டு பெட்டிகளுக்கும் இடையில் நிறுத்தினார். பல்லிகள் ஒன்றை ஒன்று காண முடியாமல் போனதும் கொஞ்ச நேரத்தில் அடங்கின. அதன் பிறகு புதுப் பிரச்சினை வந்தது. பல்லி சொல்லாதபடியால் ஒருவருக்கும் எதையும் முடிவெடுக்கத் துணிவு வரவில்லை. எல்லோரும் வடையைத் தின்றுகொண்டு காத்திருந்தார்கள்.

ஞானேஸ்வரன் கை கழுவக் குசினிக்குப் போனார். பின்னாலேயே பிரியந்தி வந்தாள்.

"அங்கிள், சீரியஸா ஒண்டு கேக்கவா? அதைச் சொல்ல வைக்க ஏலுமா?"

"ஏலாது பிள்ளை. அதுகள் தங்கட பாட்டுக்குத்தான் சொல்லும்." கையைத் துடைத்தார். தொழில் பற்றி யாராவது கேட்டால் முழுவதும் சொல்லாமல் விடுவது அவருக்கு எப்போதும் கஷ்டம். "ஆனா நடுவிலை இருக்கிற துவாயை எடுத்தால் திரும்பத் தொடங்கும். ஒரு மூண்டு நாலு செக்கன் செல்லும்."

"மூண்டு நாலு செக்கன்" என்று பிரியந்தி திருப்பிச் சொன்னாள். "தாங்க்ஸ் அங்கிள்."

அவள் ஒரு தட்டில் தேநீர்க் கோப்பைகளோடு ஹோலுக்குப் போனாள். மேசையில் வைக்கும்போது ஒரு கோப்பை சரிந்தது. தேநீர் மேசையெல்லாம் ஓடியது.

"ஐயோ, சொறி" என்றாள். பக்கத்தில் இருந்த துவாயை இழுத்தெடுத்துத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்தபடியே, தன்பாட்டில் பேசுகிறவள் போல, "எனக்கும் மிதுலனுக்கும் என்ன விருப்பம் எண்டால், கோயிலிலை தாலி கட்டிப்போட்டு, எண்பது பேருக்குச் சாப்பாடு. அவ்வளவுதான்" என்றாள்.

"ச்சக், ச்சக், ச்சக், ச்சக்" என்றது தவநாயகியின் பல்லி.

"ச்சக், ச்சக், ச்சக்" என்றது நித்தியானந்தனின் பல்லி.

இரண்டு வீட்டுப் பெரியவர்களின் விரல்களும் மேசையில் தட்டின. தட்டிய பிறகுதான் எதற்குத் தட்டினோம் என்பது அவர்களுக்கு உறைத்தது.

"ஊஞ்சல் வேண்டாம்" என்றாள் பிரியந்தி. பல்லிகள் ஆமோதித்தன. தவநாயகி மேசையில் தட்டப்போன விரலை மடக்கிக்கொண்டார்.

"ஹெலிகொப்ரரும் வேண்டாம் அங்கிள்." அதற்கும் சொல்லின. நித்தியானந்தன் தன் பல்லியை, கோர்ட்டில் எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொன்ன சொந்தத் தம்பியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அப்போது மிதுலனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஹனிமூனுக்கு எங்களுக்கு ஒரு நல்ல காரும் அப்பாதான்—" என்று தொடங்கினான். பல்லிகள் அதற்கும் சொல்லின. நித்தியானந்தனின் நெற்றி சுருங்கியது. அவர் துவாயையும் பார்த்தார், பிரியந்தியையும் பார்த்தார். ஞானேஸ்வரன் ஓரெட்டில் மேசைக்கு வந்து, "பிள்ளை, ஈரத் துவாய், குடுங்கோ நான் பிழிஞ்சு தாறன்" என்று வாங்கி, பிழியாமலே இரண்டு பெட்டிக்கும் நடுவில் தொங்கவிட்டார். சொட்டுச் சொட்டாகத் தேநீர் வடிந்தது. சோபாவுக்குத் திரும்பி வந்த பிரியந்தியின் முழங்கையால் மிதுலன் விலாவில் ஒன்று வாங்கிக்கொண்டு பேச்சை நிறுத்தினான்.

"எண்பது பேர் எண்டால் ஆரை விடுறது?" என்று தவநாயகி கடைசியில் கேட்டார். குரலில் தோல்வியை விட ஆறுதலே அதிகமாக இருந்தது. அறுநூறு பேருக்கு அழைப்புக் கொடுக்கிற அலைச்சலை அவர் மனதுக்குள் இறக்கி வைத்துவிட்டார் போலும்.

"அதைப் பல்லியட்டைக் கேக்காதையுங்கோ" என்றார் சுசிலா.

திரும்பி வரும்போது ஞானேஸ்வரன் வழக்கத்தைவிட மெதுவாகக் காரை ஓட்டினார்.

"நான் செய்தது சரியோ தெரியேல்லை" என்றார். "நாளைக்குப் பல்லி பொய் சொன்னது எண்டு வந்திடாதோ?"

"பல்லி என்ன பொய் சொன்னது? ரெண்டு ஆம்பிளையள் இடத்துக்குச் சண்டை பிடிக்கினம் எண்டு சொன்னது. அதுதானே நடந்தது" என்றார் சுசிலா.

கலியாணம் நன்றாகவே நடந்தது. எண்பது என்றது நூற்று முப்பதாயிற்று, அதற்கு மேல் போகவில்லை. மிதுலன் சாதாரணக் காரில் வந்து இறங்கினான். தகப்பன் மட்டும் மனம் பொறுக்காமல் ஒரு நாதஸ்வரக் கோஷ்டியை இரண்டாக்கிவிட்டார். இரண்டு கோஷ்டியும் எதிரெதிரே நின்று ஒன்றை ஒன்று அடக்கப் பார்த்து ஊதின. ஞானேஸ்வரன் அதைக் கண்டு சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

மகன் பிரிந்து தனிக்குடித்தனம் போனதும் நித்தியானந்தனுக்குச் சட்டன் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. தன் பல்லியும் தனியாக இருக்கிறதே என்று கவலைப்பட்டு, ஞானேஸ்வரனிடம் ஒரு பெண் பல்லியைக் கேட்டு வாங்கிப் போனார். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவையாவது போன் எடுத்தார். இரண்டும் ஒன்றோடொன்று முகம் கொடுக்கவில்லை என்பார். பிறகு பெட்டிக்குள் கிடக்கும் ஒரே ஓட்டுத் துண்டின் கீழே படுக்கின்றன என்பார். குரல் மெல்ல மெல்ல உறவுக்காரர் குரல் போலாயிற்று.

மாசி மாதத்தில் ஒரு காலை, ஞானேஸ்வரன் பல்லிகளின் இரைக்கு வந்த வெட்டுக்கிளிப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"ஞானம் அண்ணை, முட்டை வைச்சிட்டுது. ரெண்டு" என்றார் நித்தியானந்தன். மூச்சு வாங்கியது. "நேரத்தையும் நான் குறிச்சு வைச்சிட்டன். சாதகம் எழுத ஐயரிட்டைக் கேக்கப் போறன். ஒரு சந்தேகம். முட்டை வைச்ச நேரத்தை எடுக்கிறதோ, பொரிக்கிற நேரத்தை எடுக்கிறதோ?"

ஞானேஸ்வரன் கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்தார். கதிரையில் உட்கார்ந்து தீவிரமாக யோசித்தார்.

"பொரிக்கிற நேரம்தான்" என்றார். "அதுவரைக்கும் முட்டையைத் திருப்பாதையுங்கோ. நான் பின்னேரம் வந்து பாக்கிறன்."